சக்கையின் ஈரம் எடுத்த முடிவு: ஜூனோ பீர் ஆலையில் மேஷ் தொட்டியா, மேஷ் ஃபில்டரா?

பின்னணி

அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவுக்கு வெளியிலிருந்து சாலை கிடையாது. ஒரு பக்கம் பனியாறும் மலையும், மறுபக்கம் கடல். ஊருக்குள் வரும் ஒவ்வொரு மூட்டையும் பார்ஜ் கப்பலிலோ விமானத்திலோதான் வர வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் 1986-ல் ஓர் இளம் தம்பதி தொடங்கியதுதான் அலாஸ்கன் ப்ரூயிங் என்ற கிராஃப்ட் பீர் ஆலை. மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), ஹாப்ஸ் (கசப்புக்குச் சேர்க்கும் பூ), பாட்டில், எரிஎண்ணெய் எல்லாம் சியாட்டில் பக்கத்திலிருந்து ஆயிரத்து நானூறு கிலோமீட்டருக்கும் மேல் கடல்வழியாக வருகின்றன. தயாரான பீர் அதே வழியில் திரும்பிப் போகிறது.

பீர் ஆலையில் பீரைவிட அதிகம் தொந்தரவு தருவது சக்கை. மால்ட்டிலிருந்து சர்க்கரைக் கரைசலை, அதாவது வொர்ட்டை, வடித்தபின் மிஞ்சும் ஈரமான உமியும் புரதமும்தான் அது. சூடாக வெளியே வரும் சக்கை இரண்டு மூன்று நாளில் புளித்து நாறிவிடும். மற்ற ஊர்களில் பக்கத்து மாட்டுப் பண்ணைக்காரரிடம் சொன்னால் டிரெய்லரோடு வந்து அள்ளிக்கொண்டு போவார். தென்கிழக்கு அலாஸ்காவில் விரல்விட்டு எண்ணக்கூடிய பண்ணைகளே உள்ளன. ஓர் ஆலையின் சக்கையைத் தின்று தீர்க்கும் அளவுக்கு மாடுகள் இல்லை.

ஆகவே 1995-ல் இந்த ஆலை சக்கை உலர்த்தும் எந்திரம் ஒன்றை வாங்கியது. உலர்த்திய சக்கை கெடாது, எடையும் குறைவு. அதைக் கப்பலேற்றி, அமெரிக்காவின் மற்ற மாநிலங்களில் உள்ள பண்ணைகளுக்குத் தீவனமாக விற்றார்கள். உலர்த்துவதற்கு வேண்டிய வெப்பத்துக்கும் எண்ணெயோடு சேர்த்துச் சக்கையை எரித்தார்கள். கிடைத்த சக்கையில் பாதி வரை இப்படி அடுப்புக்கே போனது.

இந்தப் பாதி என்ற அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பதிமூன்று ஆண்டுகள் கழித்து எடுத்த முடிவின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1998-ல் அதே ஆலை, நொதித்தலில் வெளியேறும் கார்பன் டைஆக்சைடைப் பிடித்துச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் அமைப்பை நிறுவியது. வாங்கினால் அந்த வாயுவும் கப்பலில்தான் வர வேண்டும். உள்ளே வரும் சரக்கையும் வெளியே போகும் கழிவையும் ஒரே கணக்கில் எழுதிப் பார்க்கும் பழக்கம் அங்கே அப்போதே ஊன்றிவிட்டது.

எடுக்க வேண்டியிருந்த முடிவு

மால்ட்டை அரைத்து வெந்நீரில் கலந்து வைத்தால் கிடைப்பது மேஷ். அதிலிருந்து வொர்ட்டைப் பிரிக்கப் பெரிதும் இரண்டு வழிகள்.

முதலாவது, துளைத்தட்டு வைத்த தொட்டி. பிரிட்டிஷ் முறை மேஷ் தொட்டியில் 65-67 டிகிரி செல்சியஸில் ஒரே வெப்பநிலையில் ஊறவைத்து, அதே தொட்டியிலேயே வடிப்பார்கள். தட்டின்மேல் படியும் மால்ட் படுகை ஒரு மீட்டர் ஆழம் வரை இருக்கும்; கிளறுவதில்லை. ஜெர்மன் மரபில் வந்த லாட்டர் தொட்டி அகலமானது. படுகையின் ஆழம் 30 முதல் 50 சென்டிமீட்டர்தான். சுழலும் கத்திகள் படுகையைக் கீறிவிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டிலும் உண்மையான வடிகட்டி அடியில் உள்ள தட்டு அல்ல, உமிதான். உமி முழுசாக இருந்தால்தான் அது வேலை செய்யும். எனவே மால்ட்டை உருளை ஆலையில் நசுக்க மட்டும் வேண்டும், பொடியாக்கக் கூடாது. மாவு அதிகமானாலோ, கோதுமை, ஓட்ஸ், ரை போன்ற உமியற்ற தானியம் கூடினாலோ படுகை இறுகி வடிப்பு நின்றுவிடும். அப்போது நெல் உமியைச் சேர்ப்பதும், அடியிலிருந்து வெந்நீரை ஏற்றிப் படுகையை மிதக்கவிடுவதும் வழக்கமான வைத்தியம்.

இரண்டாவது, மேஷ் ஃபில்டர். 1901-லேயே பெல்ஜியத்தில் காப்புரிமை பெற்ற பழைய எண்ணம் இது. இன்றைய வடிவத்தில் நடுவே ரப்பர் போன்ற சவ்வு சேர்ந்திருக்கிறது. பாலிப்ரொப்பிலீன் தட்டுகள் வரிசையாக நின்று ஹைட்ராலிக் விசையால் இறுகியிருக்கும். இரண்டு தட்டுகளுக்கு நடுவே சுமார் நான்கு சென்டிமீட்டர் அகல அறை. அறையின் ஒரு பக்கம் வடிதுணி, மறுபக்கம் சவ்வு. மேஷ் அறைகளை நிரப்பும், வொர்ட் துணி வழியே வெளியேறும், சவ்வை லேசாக ஊதி அழுத்துவார்கள், வெந்நீர் விட்டு அலசுவார்கள், மறுபடி ஊதி அழுத்திப் பிழிவார்கள். கடைசியில் தட்டுகள் ஒவ்வொன்றாக விலகும்போது சக்கை அப்பளம் அப்பளமாகக் கீழே விழும். துருவிய தேங்காயைத் துணியில் கட்டிப் பிழிகிற வேலைதான், எந்திர அளவில். தேங்காய் எவ்வளவு நைசாகத் துருவப்பட்டிருக்கிறதோ அவ்வளவு பால் இறங்குகிற மாதிரி, இங்கும் மால்ட்டைச் சுத்தியல் ஆலையில் மாவாகவே அரைத்துவிடலாம். வடிகட்டுவது துணி; உமி உடைந்தாலும் கவலையில்லை.

பெரிய ஆலைகளில் மேஷ் ஃபில்டர் புதிதல்ல. கிராஃப்ட் ஆலைகள் அதன் பக்கம் போகவில்லை. விலை அதிகம், ஒரே அளவில் தொடர்ந்து காய்ச்சினால்தான் லாபம், தொட்டி தரும் நெகிழ்வு இல்லை என்பவை காரணங்கள். இந்தப் பின்னணியில்தான் 2008-ல் ஜூனோ ஆலை மேஷ் ஃபில்டரை நிறுவியது. அமெரிக்கக் கிராஃப்ட் ஆலைகளில் இதுவே முதலாவது.

கவனித்தவை: ஈரத்தின் கணக்கு

வடிப்பு முறையை ஒப்பிடும்போது பெரும்பாலோர் வொர்ட்டின் பக்கம் நின்று பார்க்கிறார்கள். எவ்வளவு விரைவு, எவ்வளவு தெளிவு, மால்ட்டிலிருந்து எத்தனை சதவீதம் சாறு. ஜூனோவில் கணக்கை மறுமுனையிலிருந்து, சக்கையிலிருந்து, போட வேண்டும்.

தொட்டியிலிருந்து வரும் சக்கையில் ஏறத்தாழ 80 சதவீதம் நீர். நன்றாக ஓடும் மேஷ் ஃபில்டரிலிருந்து வருவதில் 65 முதல் 70 சதவீதம். கேட்பதற்குப் பத்துப் பன்னிரண்டு சதவீத வித்தியாசம்தானே என்று தோன்றும். உலர்த்தும் எந்திரத்தின் முன் நின்று பார்த்தால் அது வேறு கதை.

பத்து சதவீத ஈரமுள்ள ஒரு டன் உலர்சக்கை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதில் திடப்பொருள் 900 கிலோ. அது கிடைக்கச் சுமார் நான்கு டன் மால்ட் காய்ச்சியிருக்க வேண்டும்.

80 சதவீத ஈரத்தில் அந்த 900 கிலோ திடப்பொருள் 4,500 கிலோ ஈரச்சக்கையாக வந்து நிற்கும். ஆவியாக்க வேண்டிய நீர் 3,500 கிலோ. ஒரு கிலோ நீருக்கு 2.26 மெகாஜூல் என்ற ஆவியாக்க வெப்பத்தை மட்டும் வைத்தாலே கிட்டத்தட்ட 7,900 மெகாஜூல். டீசலாகச் சொன்னால் 220 லிட்டர்.

68 சதவீத ஈரத்தில் அதே 900 கிலோ 2,810 கிலோ ஈரச்சக்கைக்குள் அடங்கிவிடும். ஆவியாக்க வேண்டியது 1,810 கிலோ. 4,100 மெகாஜூல், 114 லிட்டர். ஈரத்தில் பன்னிரண்டு புள்ளி இறங்கியதற்கு எரிபொருள் பாதியாகிவிட்டது.

இனி இதே கணக்கைச் சக்கையின் சொந்த வெப்பத்தோடு ஒப்பிடலாம். உலர்ந்த சக்கையின் வெப்ப மதிப்பு கிலோவுக்குச் சுமார் 18 மெகாஜூல் என்றால் 900 கிலோவுக்கு 16,200. தொட்டிச் சக்கையை உலர்த்தவே அதில் பாதி போய்விடும். ஜூனோ ஆலையின் உலர்த்தி சக்கையில் பாதி வரை எரித்தது என்பது இந்தக் கணக்குக்கு நெருக்கமாகவே இருக்கிறது. எந்திரம் 75 சதவீதத் திறனில் ஓடினால் அது 65 சதவீதமாக ஏறும். ஃபில்டர் சக்கைக்குக் கால் பங்கு போதும். அதே 75 சதவீதத் திறனிலும் மூன்றில் ஒரு பங்குதான்.

விற்பனைப் பக்கம் என்ன வந்தது? ஆலை தரப்பு பின்னாளில் சொன்ன கணக்குப்படி, பண்ணைகள் ஒரு டன் உலர்சக்கைக்கு 60 டாலர் கொடுத்தன. கப்பல் கூலி 30 டாலர். மீதி 30 டாலருக்காக இருநூறு லிட்டர் டீசலுக்கு நிகரான வெப்பம் செலவானது. சக்கையை விற்பது வருமானம் அல்ல, கழிவை அகற்றும் செலவைக் குறைக்கும் ஒரு வழி மட்டுமே. ஈரம் குறையாமல் இந்தக் கணக்கு நேராகாது.

வொர்ட்டின் பக்கமும் ஒரு கசிவு உண்டு. ஒரு டன் மால்ட்டிலிருந்து சுமார் 220 கிலோ திடப்பொருள் மிஞ்சுகிறது. 80 சதவீத ஈரத்தில் அது 880 லிட்டர் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த நீர் வெறும் நீரல்ல. கடைசி வடிப்பு 1.5 பிளேட்டோவில் (அதாவது நூறு கிலோ வடிப்பில் ஒன்றரைக் கிலோ சாறு) நின்றது என்றால் அதில் 13 கிலோ சாறு கரைந்திருக்கிறது. அதற்குமேல் அலசினால் படுகையின் அமிலத்தன்மை குறைந்து உமியிலிருந்து டானின் இறங்கி பீர் துவர்க்கும். அதனால் தொட்டியில் அந்தச் சாறு போனது போனதுதான். இதோடு, கரகரப்பாக நசுக்கிய மால்ட்டின் உள்ளே ஊறாமலே தங்கிவிடும் மாவையும் சேர்த்தால் ஃபில்டருக்கும் தொட்டிக்கும் ஐந்தாறு சதவீத வித்தியாசம் வருவது இயல்பு. நன்றாக ஓடும் ஃபில்டர், ஆய்வகத்தில் நைசாக அரைத்து எடுக்கும் அளவை எட்டிவிடும். ஊருக்குள் கப்பலில் வரும் மால்ட்டில் ஐந்து சதவீதம் குறைந்தால் ஏற்றுக்கூலி ஒருமுறை மிச்சம். அதன் சக்கையைக் காய வைத்துத் திருப்பி அனுப்பும் கூலி இன்னொரு முறை மிச்சம்.

முடிவும், அதற்கு எதிராக நின்றவையும்

காரணங்கள் இவ்வளவு தெளிவாக இருந்தும் இது எளிய முடிவு அல்ல. மேஷ் ஃபில்டரின் பெரிய குறை அதன் பிடிவாதம். அறைகள் முழுதாக நிரம்ப வேண்டும். குறைவாக நிரப்பினால் அறையின் மேற்பகுதியில் வெற்றிடம் விழும்; அலசும் வெந்நீர் சக்கையைத் தொடாமல் அந்த ஓட்டை வழியே ஓடிவிடும். சாறும் கிடைக்காது, சக்கையும் சகதியாக வரும். அதிகமாக நிரப்பினால் தட்டுகள் வளையும், துணி கிழியும். ஆலையின் வடிவமைப்பைப் பொறுத்துப் பத்துப் பதினைந்து சதவீதம் மேலும் கீழும் போகலாம், அவ்வளவே.

தொட்டியோ பெருந்தன்மையானது. பாதி அளவு மால்ட் போட்டாலும் படுகை சற்று மெலிதாகும், வடிப்பு நடக்கும். ஒரு நாள் லேசான பீர், மறுநாள் கனமான பீர் என்று மாறி மாறிக் காய்ச்சும் கிராஃப்ட் ஆலைக்கு அந்தப் பெருந்தன்மை பெரிய சொத்து. ஜூனோ ஆலையின் பட்டியலிலேயே தினசரி ஆம்பர் பீரும் இருக்கிறது. 1988 முதல் ஆல்டர் மரப்புகையில் காட்டிய மால்ட்டில் காய்ச்சும் கனத்த ஸ்மோக்ட் போர்ட்டரும் இருக்கிறது.

இந்தச் சிக்கலுக்குத் தொழிலில் உள்ள விடை, மால்ட் அளவை நிலையாக வைத்துக்கொண்டு வொர்ட்டின் கொள்ளளவை மாற்றுவது. ஒரு டன் மால்ட்டில் 800 கிலோ சாறு என்று கொண்டால், 12 பிளேட்டோ வொர்ட் சுமார் 6,300 லிட்டர் கிடைக்கும்; 18 பிளேட்டோ என்றால் 4,100 லிட்டர்தான். ஃபில்டருக்கு இரண்டும் ஒன்றே. கொதிகலத்துக்கும் நொதித்தொட்டிக்கும் ஒன்றல்ல. எனவே ஃபில்டர் வாங்கும்போது உண்மையில் திருத்த வேண்டியது நொதித்தொட்டிகளின் அளவையும் சமையல் அட்டவணையையும். ஒரு தொட்டியை நிரப்ப லேசான பீருக்கு இரண்டு கொதி (ஒரு முறை காய்ச்சுவது ஒரு கொதி), கனத்த பீருக்கு மூன்று கொதி என்று முழு எண்ணில் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஒவ்வொரு கனத்த பீரும் பாதித் தொட்டியில் நொதிக்கும். அல்லது அரை கொதிக்காக ஃபில்டரை அரைகுறையாக நிரப்ப வேண்டிவரும்.

அடுத்தது வேகம். ஒழுங்காக ஓடும் ஃபில்டர் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கொதி வரை தரும். தொட்டியில் ஒரு வடிப்புக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதனால் எண்ணிக்கை குறைவு. வாரத்துக்கு நான்கு கொதி மட்டும் போடும் ஆலைக்கு இந்த வேகத்தால் எந்தப் பயனும் இல்லை. நாள் முழுக்க அடுப்பு எரியும் அளவுக்கு விற்பனை வளர்ந்த ஆலைக்கே அந்த முதலீடு திரும்பும். ஜூனோ ஆலை 2008-ல் பல மாநிலங்களில் விற்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. இடத்தின் நெருக்கடி, கப்பல் கூலி, சக்கை எல்லாம் ஒரே திசையில் தள்ளின.

சாதாரண ஊரில் இந்த முடிவு சரியாக இருந்திருக்குமா? என் கணிப்பில் இல்லை. மாட்டுப் பண்ணை பத்து கிலோமீட்டரில் இருந்தால், ஐந்து சதவீத மால்ட் மிச்சத்தை மட்டும் நம்பி அந்த அளவு கிராஃப்ட் ஆலை அவ்வளவு விலையைக் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

ஃபில்டரோடு சேர்ந்து மாறுகிறவை

ஃபில்டரை மட்டும் வாங்கித் தொட்டி இருந்த இடத்தில் வைத்துவிட முடியாது. முதலில் அரைவை. உருளை ஆலை தரும் கரகரப்பான நசிவு ஃபில்டரிலும் ஓடும். ஆனால் போட்ட பணத்துக்குப் பலன் வராது. சுத்தியல் ஆலை வேண்டும். சுத்தியல் ஆலைக்கு முன் கல் நீக்கும் சல்லடையும் காந்தமும் கட்டாயம்: ஒரு கூழாங்கல்லோ ஆணியோ உள்ளே போனால் சல்லடை கிழிவதோடு முடியாது, தீப்பொறி வரும். மால்ட் மாவுத் தூசி காற்றில் மிதக்கும் அறையில் தீப்பொறி என்பது வெடிவிபத்து. எனவே வெடிப்பழுத்தம் வெளியேறும் பலகை, தூசி உறிஞ்சி, மின்னேற்றம் தங்காத தரையிணைப்பு ஆகியவை விலைப்பட்டியலில் சேர வேண்டியவை. நீரோடு சேர்த்தே அரைக்கும் ஆலை தூசியைத் தவிர்க்கிறது, பராமரிப்பு கூடும்.

பிறகு மேஷின் கனம். லாட்டர் தொட்டிக்கு ஒரு கிலோ மால்ட்டுக்கு மூன்று லிட்டருக்கு மேல் நீர் விடுவது வழக்கம். ஃபில்டருக்கு இரண்டரை லிட்டர் சுற்றில் போதும். நைசான மாவு நீரில் கட்டி கட்டியாகும். கட்டியின் நடுவே வறண்ட மாவு இருந்தால் அந்த மாவு அப்படியே சக்கையோடு போய்விடும். மாவும் நீரும் சந்திக்கும் இடத்திலேயே கலக்கும் அமைப்பு இதற்குத்தான்.

ஒரு சுற்றின் வரிசை சுமாராக இப்படி: நிரப்ப ஐந்து நிமிடம், முதல் வொர்ட் வடிய இருபது முதல் முப்பது நிமிடம், சவ்வை லேசாக ஊதி முன்னழுத்தம் ஐந்து நிமிடம், அலசல் நாற்பது நிமிடம் சுற்றில், இறுதிப் பிழிவு பத்து நிமிடம், தட்டு விலக்கிச் சக்கை தள்ளப் பத்து நிமிடம். அழுத்தம் எல்லாம் அரை பார் (வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ பாதி) சுற்றில்தான். அதிக அழுத்தம் கொடுத்தால் விரைவாக வடியும் என்று நினைப்பது தவறு. நைசான மாவுப் படுகை நெரிந்து துணியில் அடைந்துகொள்ளும், ஓட்டம் குறையும்.

முன்னழுத்தத்தைக் குறைத்துவிட்டு நேரம் மிச்சம் பிடிப்பது இன்னொரு தவறு. அந்த ஐந்து நிமிடந்தான் சக்கையை எல்லா அறைகளிலும் ஒரே கனமாக்குகிறது. அது சரியாக அமையாவிட்டால் அலசும் நீர் எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே பாயும்.

துணியின் நிலையைக் கவனிப்பது தினசரி வேலை. பீட்டா குளுக்கன் பசையும் புரதமும் இழைகளில் சேர்ந்துகொண்டே வரும். அறிகுறி தெளிவானது: அதே மால்ட், அதே அளவு, ஆனால் முதல் வொர்ட் வடியும் நேரம் ஒவ்வொரு கொதியிலும் ஓரிரு நிமிடம் நீள்கிறது. அப்போதே 80 டிகிரி சுற்றில் காஸ்டிக் சோடா கரைசல் ஓட்டிக் கழுவ வேண்டும். வாரக் கடைசி வரை தள்ளினால் பசை காய்ந்து இறுகும். ஒரு சவ்வு கிழிந்தால் அடையாளம் வேறு: எல்லா அறைச் சக்கையும் அப்பளமாக விழ, ஒன்று மட்டும் கூழாக வழியும். அந்த அறையின் எண்ணைக் குறித்துவைத்து மாற்றுவது ஒரு மணி நேர வேலை. பார்க்காமல் விட்டால் அழுத்தக் காற்று வொர்ட்டுக்குள் புகுந்து ஆக்சிஜனேற்றம் நடக்கும்.

சக்கை தட்டிலிருந்து விழாமல் ஒட்டிக்கொள்வதும் உண்டு. பெரும்பாலும் குறைவாக நிரப்பியதன் விளைவு அது. பணியாளர் துடுப்பால் சுரண்டி விழச் செய்ய வேண்டும்; அடுத்த கொதிக்குப் போகுமுன் தட்டின் விளிம்பில் ஒரு துணுக்கும் இல்லை என்று பார்க்காவிட்டால் தட்டுகள் சரியாக மூடாது, இடுக்கில் வொர்ட் சொட்டும்.

சுவை பற்றி ஒரு வார்த்தை. உமி பொடிந்தால் பீர் துவர்க்குமே என்ற அச்சம் இயல்பானது. நீரோடு உமி சேர்ந்திருக்கும் நேரம் குறைவு, அலசும் நீரும் குறைவு; அமிலத்தன்மையைச் சரியாக வைத்தால் துவர்ப்பு கூடுவதில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. ஃபில்டர் வொர்ட் மிகத் தெளிவானது. ஈஸ்ட் தன் செல் சவ்வைக் கட்டப் பயன்படுத்தும் கொழுப்பு அமிலங்கள் அதில் குறைவு. ஆகவே நொதித்தல் தொடக்கத்தில் ஆக்சிஜன் ஊட்டத்தை மறுபடி அளந்து சரிசெய்ய வேண்டும்.

பின்விளைவு

ஃபில்டர் வந்தபின் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் கேலன், அதாவது சுமார் 75 லட்சம் லிட்டர் நீர் மிச்சமாகிறது என்பது ஆலை வெளியிட்ட கணக்கு. சக்கை பிடித்துக்கொள்ளும் நீர் இதில் ஒரு பகுதிதான். அலசும் நீர், சாக்கடைக்குப் போகும் கடைசி வடிப்பு, தொட்டியின் அடித்தட்டைக் கழுவும் நீர் ஆகியவையும் இதில் சேரும்.

அதைவிட முக்கியமானது சக்கையின் தன்மை மாறியது. இப்போது வருவது நைசானது, ஈரம் குறைந்தது. உலர்த்தக் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ போதும் என்றால் மீதியை என்ன செய்வது என்ற கேள்வி எழுகிறது. கப்பலேற்றி 30 டாலர் வாங்குவதா, டீசலுக்குப் பதிலாக எரிப்பதா? ஒரு டன் உலர்சக்கையின் வெப்பம் சுமார் 450 லிட்டர் டீசலுக்குச் சமம். கேள்வி கேட்டவுடன் விடை தெரிந்துவிடுகிறது.

செயலாக்குவது எளிதாக இல்லை. பல ஊர்களில் பீர் ஆலைகள் சக்கையை மரத்துண்டோடோ வேறு எரிபொருளோடோ கலந்து எரித்திருக்கின்றன. சக்கையை மட்டுமே எரித்து நீராவி எடுக்கும் பாய்லர் அதற்குமுன் இருந்ததில்லை என்பது ஆலை தரப்பின் கூற்று. காரணம் சக்கையின் இயல்பிலேயே இருக்கிறது: புரதம் அதிகம், எனவே எரியும்போது நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடும், சாம்பலில் பாஸ்பரஸ் உள்ளதால் தாழ்ந்த வெப்பத்திலேயே உருகிக் கட்டியாகும், மாவு போன்றதால் அடுப்புக்குள் காற்றில் பறந்துபோய் எரியாமலே புகைபோக்கிக்குப் போகும்.

சில ஆண்டு ஆய்வுக்குப்பின், நார்த் டகோட்டாவைச் சேர்ந்த ஒரு நிறுவனத்திடம் பாய்லரை வடிவமைத்துச் செய்யக் கொடுத்தார்கள். செலவு 18 லட்சம் டாலர். கிராமப்புற எரிசக்திக்கான மத்திய அரசுத் திட்டத்திலிருந்து ஏறத்தாழ ஐந்து லட்சம் டாலர் மானியம் கிடைத்தது. 2012-ன் இறுதியில் நிறுவப்பட்டு, 2013 தொடக்கத்தில் முழு ஓட்டத்துக்குத் தயாரானது. உலர்த்துவதற்கு எண்ணெயே வேண்டாம்; காய்ச்சுவதற்கான நீராவியில் பாதிக்கு மேல் சக்கையிலிருந்து வரும்; எரிஎண்ணெய்ப் பயன்பாடு 70 சதவீதம் அளவுக்குக் குறையும்; ஆண்டுக்குச் சுமார் நாலரை லட்சம் டாலர் மிச்சம்; பத்து ஆண்டில் 15 லட்சம் கேலன் எண்ணெய். இவை ஆலை அப்போது எதிர்பார்த்த அளவுகள். மானியத்தைக் கழித்தால் மூன்றே ஆண்டில் முதல் திரும்பும் கணக்கு அது.

இந்தப் பாய்லரை 2008-க்குமுன், தொட்டிச் சக்கையை வைத்துக் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உலர்த்தவே பாதிக்கு மேல் எரிந்திருக்கும். மீந்ததில் காய்ச்சும் நீராவிக்கு வேண்டிய அளவு வந்திருக்காது. பாய்லரைச் சாத்தியமாக்கியது ஃபில்டர்தான். ஃபில்டர் வாங்கியபோது போட்ட லாபக் கணக்கில் இந்த வரி இருந்திருந்தால் முடிவு இன்னும் எளிதாக இருந்திருக்கும்.

மாற்றி யோசிக்க வேண்டியவை

இதே பாதையில் போகும் ஆலை வரிசையை மாற்றிக்கொள்ளலாம். ஃபில்டர், உலர்த்தி, பாய்லர் மூன்றும் ஒரே சங்கிலி. தொட்டிச் சக்கைக்காக வாங்கிய உலர்த்தி நைசான ஃபில்டர் சக்கைக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மாவுத்துகள் வெப்பக்காற்றோடு பறக்கும், தூசிப் பிரிப்பான் திணறும், உலர்த்திக்குள்ளேயே தீப்பிடிக்கும் வாய்ப்பும் கூடும். ஃபில்டருக்கு விலை கேட்கும் அதே கடிதத்தில், அதன் சக்கை மாதிரி ஐம்பது கிலோ கேட்டு வாங்கி, உலர்த்தி செய்பவருக்கும் பாய்லர் செய்பவருக்கும் அனுப்ப வேண்டும்.

சிறிய ஆலைகளுக்கு இந்த நிகழ்விலிருந்து எடுக்கக்கூடாத பாடமும் ஒன்று உண்டு. உணவகத்தோடு சேர்ந்த ஆலை, வாரம் மூன்று கொதி, மாதம் எட்டு வகை பீர், சக்கையை அள்ளிப்போகப் பண்ணைக்காரர் தயார் என்றால் மேஷ் தொட்டியே சரி. அந்தப் பணத்தைக் குளிரூட்டும் வசதியிலோ நொதித்தொட்டியிலோ போட்டால் பீரின் தரம் உயரும். இதற்கு விதிவிலக்கு உமியற்ற தானியத்தையே பெரும்பகுதியாகக் காய்ச்சும் ஆலை. முழுக் கோதுமையையோ முளைகட்டாத சோளத்தையோ தொட்டியில் வடிப்பது ஒவ்வொரு முறையும் போராட்டம். அங்கே சிறிய அளவு ஃபில்டரும் தன் விலையை நியாயப்படுத்தும்.

எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாத ஆலை, விற்பனையாளரைக் கூப்பிடுமுன் தன் தொட்டியிலேயே மூன்று அளவுகளை எடுக்கலாம். படுகையின் மேல், நடு, அடி மூன்று இடங்களிலும் சக்கை அள்ளிக் கலந்து, 100 கிராம் எடுத்து 105 டிகிரி அடுப்பில் எடை குறையாமல் நிற்கும்வரை காயவையுங்கள். குறைந்த கிராம்தான் ஈரச் சதவீதம். அதே சக்கையைத் துணியில் பிழிந்து வரும் நீரின் அடர்த்தியைப் பிளேட்டோவில் அளந்து, ஒரு கொதியின் சக்கை நீரோடு பெருக்கினால் கழுவாமல் போகும் சாறு எத்தனை கிலோ என்று தெரியும். மூன்றாவது, ஒரு மாதத்தில் மால்ட் எடை மாறாமல் எத்தனை கொதி போடுகிறீர்கள் என்ற எண்ணிக்கை. ஈரம் 82-ஐத் தாண்டுகிறது என்றால் முதலில் தொட்டியின் கத்திகளையும் வடிநேரத்தையும் சரிபாருங்கள். ஒன்றிரண்டு புள்ளி அங்கேயே இறங்கும். மூன்றாவது எண், மொத்தக் கொதிகளில் முக்கால் பங்குக்குக் கீழே இருந்தால் ஃபில்டரைப் பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.